பினாங்குத் துறைமுகத்தில் ஒரு பகல்: நான்கு இடமும் பார்த்துவிட முடியுமா?

கேள்வி, செப்டம்பர் 2

"நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் இடம் பதிவு செய்திருக்கிறோம். பினாங்கில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நிற்கிறது. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். கொடிமலை, கெக் லோக் சி கோயில், பத்து ஃபெரிங்கி கடற்கரை, பழைய நகரம், நான்கையும் ஒரு வாடகைக் கார் பிடித்தால் தாராளமாகப் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. ஒன்பது மணி நேரம் இருக்கிறதே. சரிதானே?"

செப்டம்பர் 2, இரவு

சரியில்லை. ஒன்பது மணி நேரம் கப்பலுக்கு. உங்களுக்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

எட்டு மணிக்குக் கப்பல் கரையைத் தொடும். கயிறு கட்டி, அதிகாரிகள் ஏறி, அனுமதி கொடுத்து, இறங்குபாலம் திறந்து, உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆயிரம் பேர் நகர்ந்து, நீங்கள் முனையத்துக்கு வெளியே வெயிலைப் பார்க்கும்போது ஒன்பது ஆகியிருக்கும். ஐந்துக்குக் கிளம்பும் கப்பல் ஐந்துவரை ஆள் ஏற்றாது. நாலரைக்கு எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்று தாளில் அச்சடித்திருப்பார்கள், சில கப்பலில் நான்கு மணிக்கே. அதிலிருந்து ஒரு மணி நேரத்தை உங்கள் நிம்மதிக்கென்று கழித்துவிடுங்கள். மூன்றரை. ஒன்பதிலிருந்து மூன்றரைக்கு ஆறரை மணி நேரம்.

செப்டம்பர் 3, காலை

சாப்பாட்டைக் கழிக்க மறந்துவிட்டேன். பிள்ளைகள் கழிப்பறை கேட்பது, அம்மா நிழலில் உட்காருவது எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம்.

செப்டம்பர் 3, இரவு

"ஐந்து மணி நேரத்திலும் கார் இருந்தால் முடியாதா" என்கிறீர்கள். நான் அதைச் செய்து பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

பினாங்கில் கப்பலிலிருந்து மூன்று முறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை உங்களைப் போலவே ஒரு பட்டியலுடன் இறங்கினேன். காலையில் நகரத்துக்குள் சுற்றினோம். ஒரு மணிவாக்கில், "மலைக்குப் போகாமல் என்ன பினாங்கு" என்று நானே கிளப்பினேன். துறைமுகத்திலிருந்து மலையடிவாரம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். போகும்போது சாலை நன்றாக விட்டது. அடிவாரத்தில் வரிசை. கயிறு இழுக்கும் அந்த மலை ரயில் ஏறத் தொடங்கிவிட்டால் நிமிடக் கணக்குதான். ஆனால் அது ஏறுவதற்கு முன்னால் நாம் நிற்கும் நேரத்தை யாரும் சுற்றுலாக் கையேட்டில் போடுவதில்லை. மேலே போய்ச் சேர்ந்தோம். எழுநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் காற்று குளிர்ந்தது, ஊர் முழுவதும் கீழே தட்டில் வைத்ததுபோல் தெரிந்தது, கடலோரத்தில் எங்கள் கப்பலும் தெரிந்தது, ஒரு வெள்ளைச் செருப்பு அளவில். "எவ்வளவு அழகு" என்றாள் மனைவி. எனக்கு அழகு தெரியவில்லை. அந்தச் செருப்புக்கும் எனக்கும் நடுவில் எத்தனை சிவப்பு விளக்கு என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இறங்கவும் வரிசை. இறங்கியதும் மழை. மழையும் பள்ளிக்கூடம் விடும் நேரமும் சேர்ந்தால் பினாங்குத் தீவின் சாலைகள் என்ன ஆகும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். நாலு இருபத்திரண்டுக்கு முனைய வாசலில் காரிலிருந்து குதித்தோம். நாலரைக் கெடு. அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் மனைவி எனக்கு உப்பைக்கூட நகர்த்தவில்லை.

ஆகவே கொடிமலையை விடுங்கள். பத்து ஃபெரிங்கியை அதற்கும் முன்பே விடுங்கள். பதினைந்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய்க் கடலைப் பார்ப்பதற்கு, நீங்கள் நாலு நாளாகக் கடலின் மேலேயே இருப்பவர்கள்.

செப்டம்பர் 5

"அப்படியானால் துறைமுகத்தைச் சுற்றியே வரச் சொல்கிறீர்களா" என்று கொஞ்சம் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதையேதான் சொல்கிறேன். கோபம் வேண்டாம், காரணம் இருக்கிறது.

பல இடங்களில் கப்பல் நிற்கும் ஊர் ஒன்று, விளம்பரத்தில் போட்ட ஊர் வேறு. ரோம் என்று எழுதி சிவிட்டாவெக்கியாவில் இறக்குவார்கள், பாங்காக் என்று எழுதி லேம் சபாங்கில். கோலாலம்பூர் என்றால் கிள்ளான் துறைமுகம். அங்கிருந்து நகரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கெல்லாம் காரோ ரயிலோ இல்லாமல் பிழைப்பில்லை. பினாங்கில் அந்தத் தொல்லை கிடையாது. சுவெட்டன்ஹாம் துறை முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே விக்டோரியா மணிக்கூண்டு நிற்கிறது. அரசியின் அறுபது ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரம். உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும், போர்க்காலத்தில் பக்கத்தில் விழுந்த குண்டின் வேலை. பிள்ளைகள் யார் முதலில் சாய்வைக் கண்டுபிடிப்பது என்று போட்டி போடட்டும்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் கரையேறிய இடம். காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியபோது பீரங்கியில் வெள்ளிக்காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடியே காடு அழிந்ததாம். கதைதான், ஆனால் பிள்ளைகளை அரை மணி நேரம் நடக்க வைக்கும் கதை. கோட்டைக்கு இவ்வளவு போதும்.

பிறகு ஒரே தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் பிட் தெரு, இப்போது மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை. ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளிச் சீனர்களின் கருணைத் தேவி கோயில், ஊதுபத்திப் புகையில் கண் எரியும். இன்னும் நடந்தால் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தொடக்கம் 1801. நடுவே ஒரு சந்தில் திரும்பினால் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833. இத்தனையும் பத்து, பதினைந்து நிமிட நடைக்குள். அம்மாவுக்கு மாரியம்மன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஊருக்கு வந்துவிட்ட நிம்மதி கிடைக்கும். பக்கத்துத் தெருக்கள் பூக்கடை, பாத்திரக்கடை, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. விலை கேட்பதும் தமிழில்தான்.

பள்ளிவாசலைத் தாண்டினால் ஆர்மீனியன் தெரு. சுவரில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போகும் ஓவியம் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு பொருத்தியது. லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஜக்காரெவிச் 2012இல் வரைந்தது. படம் எடுக்க வரிசை நிற்கும். நான் அந்த வரிசையில் நிற்கவில்லை, வரிசையில் நின்றவர்களைப் படம் எடுத்தேன்.

கடைசியாகக் கடலோரம் சியூ படகுத்துறை. கடலுக்குள் கம்பங்கள் நட்டு, அதன் மேல் பலகை, பலகையின் மேல் வீடுகள், எல்லாம் ஒரே குலப்பெயர்க்காரர்கள். சிலர் முன்னறையைக் கடையாக்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அங்கிருந்து கப்பலுக்குத் திரும்ப இருபது நிமிடம், அம்மா நடையில் அரை மணி.

செப்டம்பர் 5, பிறகு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். மாரியம்மன் கோயிலுக்குப் பதினொன்றுக்குள் போய்விடுங்கள். இரண்டாவது முறை நான் பன்னிரண்டரைக்குப் போய்ச் சாத்திய கதவைக் கும்பிட்டு வந்தேன். நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பது உள்ளூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கப்பலிலிருந்து இறங்கினால் அந்த அறிவும் சேர்ந்து இறங்கிவிடுகிறது போலும். பள்ளிவாசலுக்கும் அப்படித்தான், தொழுகை நேரத்தில் பார்வையாளர் ஒதுங்கி நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை நண்பகலை மறந்தேவிடுங்கள்.

செப்டம்பர் 6

மூன்றாம் தேதி எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். நாலு இருபத்திரண்டின் பதற்றத்தில் மலையைத் திட்டியிருக்கிறேன். தப்பு மலையுடையது அல்ல, நான் போட்ட வரிசையுடையது. பக்கத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டுத் தூரத்தில் இருப்பதைக் கடைசியில் வைத்தேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்: இறங்கியதும் தூரம், பிறகு கப்பலை நோக்கி நெருங்கி நெருங்கி வருவது. கடைசி ஒன்றரை மணி நேரம் கால்நடையாகத் திரும்பக்கூடிய தொலைவில் இருந்துவிட்டால், சாலையில் என்ன நடந்தாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் மலை சாத்தியம். ஒன்பதுக்கு வெளியே, நேரே அடிவாரம், பன்னிரண்டரைக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். மலை ரயிலுக்கு வரிசையைத் தாண்டிப் போகும் விலை கூடிய டிக்கெட் ஒன்றும் உண்டு. மற்ற நாளில் அதை வீண் என்பேன், கப்பல் நாளில் அது நேரத்தை விலைக்கு வாங்குவது. அந்த ரயில் ஓடத் தொடங்கியது 1923இல், நடுவழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டியிருந்தது. 2011இல் புதுப்பித்தபின் மாறாமல் ஒரே மூச்சில் ஏறுகிறது.

செப்டம்பர் 6, பத்து நிமிடம் கழித்து

பார்த்தீர்களா, மறுபடியும் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டரைக்குத் திரும்பினால் மாரியம்மன் நடை சாத்தியிருக்கும். மாலையில் மறுபடி திறக்கும் நேரத்தில் நீங்கள் கப்பலில் இருக்க வேண்டும். ஆக மலை அல்லது மாரியம்மன். இரண்டும் என்று சொல்பவர் கப்பல் நாளில் போகாதவர்.

செப்டம்பர் 9

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்க வேண்டும்.

என் தாத்தா இதே பினாங்கில் ரஜுலா கப்பலிலிருந்து இறங்கியவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல், 1926இல் கட்டியது. அவர் ஏறியது நாகப்பட்டினத்தில், தளத்தில் பாய் விரித்துப் படுக்கும் டிக்கெட்டில். தாத்தாவின் கரையிறங்கும் திட்டத்தில் முதல் இடம் ஜெரஜாக் தீவு. கப்பலில் வந்தவர்களை நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்த தீவு. அவர் பினாங்கைப் பற்றிச் சொன்னதெல்லாம் இரண்டே செய்தி: தீவில் கொடுத்த சோறு வெந்திருக்கவில்லை, வெளியே விட்டதும் முதலில் கேட்ட குரல் தமிழில் "எந்த ஊர்?" என்றது.

மூன்றாவது முறை போனபோது நான் எந்தப் பட்டியலும் வைத்துக்கொள்ளவில்லை. சூலியா தெருவில் ஒரு கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சூலியா என்பதே நம் ஊர் முஸ்லிம் வணிகர்களுக்கு இருந்த பெயர். பக்கத்து மேசைப் பெரியவர் பத்தாவது நிமிடத்தில் கேட்டுவிட்டார், "எந்த ஊர்?" அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் நான்கு இடங்களில் அது இல்லை.

செப்டம்பர் 10

சரி, கப்பலுக்கு வருவோம். நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், ஆகவே பினாங்கில் குழப்பம் இல்லை.

செப்டம்பர் 10, இரவு

குழப்பம் இல்லை என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். உங்கள் கப்பல் புக்கெட்டுக்கும் போகிறது என்பதைக் கவனிக்கவில்லை. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருந்தால், கரையில் உங்கள் கைப்பேசி தானாக மாறி மூன்றரை காட்டும்போது கப்பலில் நாலரை. விபரீதம் புரிகிறதா? எந்த நேரம் கப்பல் நேரம் என்பது முந்தைய இரவு அறைக்கு வரும் தாளில் இருக்கும். கைப்பேசியை நம்பாமல் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அம்மாவின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடட்டும், மாத்திரைக்கு அவருக்கு அதுதான் வசதி. ஆனால் அவரிடம் மணி கேட்காதீர்கள், இரண்டரை மணி நேரம் தவறும்.

புக்கெட்டில் இன்னொன்று. சில கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுச் சிறு படகுகளில் இறக்கும். படகுக்கு எண் போட்ட சீட்டு வாங்கி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், திரும்பும்போதும் அதே. அந்த நாளுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கழியுங்கள்.

செப்டம்பர் 14

கப்பல்காரர்களே நடத்தும் கரைச்சுற்றுலா வாங்கலாமா என்ற கேள்விக்கு முதலில் "வேண்டாம், விலை அதிகம், மந்தையோடு மந்தையாகப் போக வேண்டும்" என்று எழுத உட்கார்ந்தேன். என் நாலு இருபத்திரண்டு நினைவுக்கு வந்து நிறுத்தினேன். அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். உங்கள் கார் தாமதமானால் காத்திருக்காது. அந்த விலையில் பாதி இந்தக் காப்புறுதிக்கு. துறைமுகமும் ஊரும் வெகு தூரம் பிரிந்திருக்கும் இடத்தில் வாங்குங்கள். பினாங்கில் இறங்கி நடப்பதற்கு அது தேவையில்லை.

ஒருவேளை கப்பலை விட்டுவிட்டால்? அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். வராதவர்களின் கடவுச்சீட்டை அறைப் பெட்டகத்திலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் போவது உண்டு. அந்த முகவரின் எண்ணும் அதே தாளில் இருக்கும். இறங்கும்முன் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோவதா, நகல் போதுமா என்பதையும் அதில் பாருங்கள். நான் சந்தேகம் வந்தால் கையில் வைத்துக்கொள்பவன், மனைவி பெட்டகக் கட்சி.

செப்டம்பர் 15

குடை. ஆளுக்கொன்று.

செப்டம்பர் 15, மீண்டும்

குடை என்று ஒரு வார்த்தையில் விட்டதற்குக் காரணம் கேட்கிறீர்கள். நவம்பரில் மழைக்கு வாய்ப்பு அதிகம். பழைய நகரத்தில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதை என்று கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது, வெயிலுக்கும் மழைக்கும் கைகொடுக்கும். ஆனால் நடுவில் மோட்டார் சைக்கிளும் கடைச்சரக்கும் மறிக்கும், அங்கே தெருவில் இறங்கித்தான் ஏற வேண்டும். படிகளும் ஒரே உயரமில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் சுற்றி வரும் இலவசப் பேருந்து ஒன்றும் உண்டு, கால் வலித்தால் ஏறிவிடலாம். மற்றப் பேருந்துகளுக்குச் சில்லறை ரிங்கிட்டைச் சரியாக வைத்திருங்கள். 204ஆம் எண் மலையடிவாரத்துக்குப் போகும், அவசரமில்லாதவர்களுக்கு நல்லது.

செப்டம்பர் 21

உங்கள் புதிய திட்டம் பார்த்தேன். பத்து ஃபெரிங்கி போய்விட்டது, மகிழ்ச்சி. கெக் லோக் சியும் போயிருக்கிறது. அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். மலையில் அடுக்கடுக்காக ஏறும் கோயில், முப்பது மீட்டர் வெண்கலத்தில் கருணைத் தேவி. ஆனால் அங்கே ஏறிய மூட்டுகள் வேறெங்கும் ஏறமாட்டா.

"பிள்ளைகள் மலை என்கிறார்கள், அம்மா மாரியம்மன் என்கிறார், நான் என்ன செய்ய" என்று முடித்திருக்கிறீர்கள். ஆறாம் தேதியிலிருந்து இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய நான், இதை ஏன் யோசிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிரிந்து போங்கள். நீங்கள் பிள்ளைகளோடு மலைக்கு, மனைவி அம்மாவோடு கோயிலுக்கு. அல்லது மாற்றி. குடும்பச் சுற்றுலா என்றால் ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்றரைக்குச் சாப்பாட்டில் சேருங்கள். சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கேட்டால் பரிமாறுபவர் முகம் மாறும். அம்மா சைவம் என்றால் மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெருக்களிலேயே இலைச்சாப்பாடு கிடைக்கும், நாசி கண்டாரை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டில் ஒருவரையொருவர் பிடிக்க முடியாவிட்டால் மூன்றரைக்கு மணிக்கூண்டின் அடியில். கைப்பேசி வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே பேசி முடிவு செய்யுங்கள். கப்பல் அட்டையை அவரவர் கழுத்தில் மாட்டுங்கள், எல்லாருடையதும் உங்கள் பையில் இருந்தால் பிரிந்து போனதன் பயன் போய்விடும்.

செப்டம்பர் 22

மனைவிக்கு இந்தத் திட்டம் பிடித்திருக்கிறது, மாமியாரோடு தனியாகப் போவதைத் தவிர என்கிறீர்கள். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

செப்டம்பர் 24

கடைசிக் கேள்வி, மூக்கைத் துளைக்கும் டுரியன் பழம் வாங்கி வரலாமா என்று. கப்பலுக்குள் விடமாட்டார்கள். புதிதாகச் சமைத்த உணவு, பழம், பூ எதையும் பொதுவாக விடுவதில்லை, அம்மா வாங்கும் மல்லிகைச் சரம் தலையில் இருந்தால் யாரும் பிடுங்கமாட்டார்கள். ஊர் நினைவாக வேண்டுமென்றால் ஜாதிக்காய். பினாங்கில் ஊறுகாயாகவும் எண்ணெயாகவும் அடைத்து முத்திரையிட்டு விற்கிறார்கள், அதில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. டுரியனை ஊருக்குள்ளேயே தின்று தீர்த்துவிடுங்கள். நான் தின்றேன், சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். இறங்குபாலத்தில் பையைச் சோதித்தவர் எதையும் கண்டுபிடிக்காமல், என் கையைப் பார்த்து மூக்கைத் தடவிக்கொண்டு, "பழம் நன்றாக இருந்ததா?" என்றார்.